அளப்பதற்கு முன் ஒப்பிடட்டும்: வாசகர் கேள்வி பதில்

சிறு பிள்ளைகளுக்கு நீளம், எடை, கொள்ளளவு ஆகியவற்றை எப்படி அறிமுகப்படுத்துவது என்று கேட்டு பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த கடிதங்களை ஒன்றுசேர்த்து இம்மாதம் பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. அடிக்கோலில் உள்ள எண்களை 30 வரை தடுமாறாமல் வாசிக்கிறான். ஆனால் ஒரே நீளமுள்ள இரண்டு பென்சில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைச் சற்று முன்னே தள்ளினால், தள்ளிய பென்சில்தான் நீளமானது என்கிறான். அடிக்கோலால் அளக்க இன்னும் கூடுதலாகப் பயிற்சி கொடுக்க வேண்டுமா? (ஒரு தாயார், ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: வேண்டாம், அம்மா. அடிக்கோலைச் சில மாதங்களுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். மகனுக்கு எண்கள் தெரிகின்றன. எதை அளக்கிறோம் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. அவன் பார்வை பென்சிலின் முன்முனையிலேயே நின்றுவிடுகிறது. பின்முனை எங்கே இருக்கிறது என்பதை அவன் கவனிப்பதில்லை. ஓட்டப்பந்தயத்தில் முந்தி நிற்பவனே வென்றவன் என்று பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது நீளமானதாகத் தோன்றுவது இயற்கையே. இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் இப்படித்தான் சொல்கிறார்கள்; கவலைப்பட ஒன்றுமில்லை.

அடுத்த முறை சந்தையிலிருந்து முருங்கைக்காயும் பயிற்றங்காயும் வாங்கி வரும்போது, நறுக்குவதற்கு முன் அவற்றை அவனிடம் கொடுங்கள். சுவரோரமாகத் தரையில் செய்தித்தாளை விரித்து, எல்லாக் காய்களின் காம்பும் சுவரில் முட்டி நிற்குமாறு அடுக்கச் சொல்லுங்கள். தொடக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றாகிவிட்ட பிறகு மறுமுனையை மட்டும் பார்த்தால் போதும் என்பதை அவன் தானாகவே கண்டுகொள்வான். பிறகு வேண்டுமென்றே ஒரு காயைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்து, "இப்போது எது நீளம்?" என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் உடனே திருத்த வேண்டாம். "எப்படிப் பார்த்துச் சொன்னாய்?" என்று கேட்டு, அந்தக் காயை அவன் கையாலேயே மறுபடியும் சுவருக்குத் தள்ளச் சொல்லுங்கள். பயிற்றங்காயில் இன்னொரு வசதியும் உண்டு. வளைந்து கிடக்கும்போது முருங்கைக்காயைவிடக் குட்டையாகத் தெரியும் அது, இரு கைகளாலும் பிடித்து நேராக்கினால் சில நேரம் முந்திவிடும். காய் இப்போதுதான் வளர்ந்ததா, முன்பும் அவ்வளவு நீளம் இருந்ததா என்ற பேச்சு எழுந்தால், அதை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள்; அவன் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்.

இதற்கு அடுத்த படி, பக்கத்தில் கொண்டுவந்து வைக்க முடியாத பொருட்களை ஒப்பிடுவது. கூடத்தில் இருக்கும் சோபா படுக்கையறைச் சுவரோரத்தில் அடங்குமா என்று கேட்டு, ஒரு நூலுருண்டையை அவனிடம் கொடுங்கள். சோபாவின் நீளத்துக்கு நூலை வெட்டி, அதைச் சுவரோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்ப்பது அவனுக்கு முதல் தடவையில் தோன்றாமல் போகலாம். ஒருமுறை செய்து காட்டினால் வீடு முழுவதும் நூலோடு அலைவான். இரண்டு பொருட்களுக்கு நடுவே மூன்றாவது ஒன்றை வைத்து முடிவு சொல்லும் இந்தத் திறமைதான் எல்லா அளவைக்கும் அடிப்படை. அடிக்கோலும் உண்மையில் கோடும் எண்ணும் போட்ட ஒரு நூல்தான்.

சோவியத் ஒன்றியத்தில் டேனியல் எல்கோனின், வசீலி தவீதோவ் ஆகியோர் வகுத்த தொடக்கக் கணிதத் திட்டத்தில், முதல் வகுப்புப் பிள்ளைகள் எண்களுக்குப் போவதற்கு முன்பே நீளத்தையும் எடையையும் கொள்ளளவையும் ஒப்பிட்டு, எது கூடுதல், எது குறைவு, எது சமம் என்பதைக் குறிகளால் எழுதப் பழகினார்கள். ஓர் அளவுக்குள் இன்னோர் அளவு எத்தனை முறை அடங்குகிறது என்ற கேள்விக்கு விடையாகத்தான் எண் பிறகு வந்தது. அந்தத் திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒப்பீடு முதலில், எண் பிறகு என்ற அந்த வரிசை சரியானது என்று உறுதியாக நம்புகிறேன். நம் தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டுக் கணிதமும் கிளிப், பென்சில், கைச்சாண் போன்றவற்றைக் கொண்டு அளப்பதோடு நிற்கிறது. சென்டிமீட்டரும் மீட்டரும் இரண்டாம் ஆண்டில்தான் வருகின்றன.

அடிக்கோலை எடுக்கும் நாள் வந்ததும் இதை மட்டும் சோதித்துப் பாருங்கள். ஒரு குச்சியை 0 என்ற கோட்டில் வைக்காமல் 3 என்ற கோட்டில் தொடங்கி 8 என்ற கோட்டில் முடியுமாறு வையுங்கள். கடைசி எண்ணை மட்டும் பார்க்கும் பிள்ளை 8 என்று சொல்லும். கோடுகளை எண்ணும் பிள்ளை 6 என்று சொல்லும். கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளை எண்ணும் பிள்ளையே 5 என்று சொல்லும். அந்த மூன்றாவது விடை வரும்வரை நூலும் குச்சியும் அவன் கையில் இருக்கட்டும்.

கேள்வி: என் தாயார் பேத்திக்குச் சாண், முழம், படி என்று சொல்லிக்கொடுக்கிறார். பள்ளியில் சென்டிமீட்டரும் லிட்டரும்தானே படிக்கப்போகிறாள்? இது குழப்பத்தில் முடியாதா? (ஒரு தந்தையார், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: முடியாது, ஐயா. உங்கள் தாயார் செய்வது பள்ளி செய்யவிருப்பதற்கு மிகப் பொருத்தமான முன்வேலை. சிறு பிள்ளைக்குத் தன் கையைவிட நெருக்கமான அளவுகோல் வேறு இல்லை.

நீங்கள் குடியிருக்கும் பகுதியிலேயே பூக்கடைகள் இருக்கின்றன. மல்லிகைச் சரத்தைக் கடைக்காரர் முழங்கையில் தொடங்கி நடுவிரல் நுனிவரை பிடித்து ஒரு முழம், இரண்டு முழம் என்று அளப்பதை மகள் நின்று பார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அதே சரத்தை அவள் தன் கையால் அளக்கட்டும். கடையில் இரண்டு முழமாக இருந்தது அவள் கையில் மூன்று முழம் வரலாம். பூ கூடவில்லை, ஆனால் எண்ணிக்கை கூடிவிட்டது. அளக்கும் அலகு சிறியதானால் எண்ணிக்கை பெருகும் என்ற இந்த உண்மை, பெரிய வகுப்புப் பிள்ளைகளே அலகு மாற்றும் கணக்கில் தடுமாறும் இடம். அதை ஐந்து வயதில் பூச்சரத்தோடு தொட்டுவிடும் வாய்ப்பை ஏன் நழுவவிட வேண்டும்?

'எண்சாண் உடம்பு' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதையும் அவள் சோதித்துப் பார்க்கலாம். தரையில் படுக்கவைத்து, தலையிலும் பாதத்திலும் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, அவள் சாணாலேயே அவள் உயரத்தை அளந்தால் ஏறத்தாழ எட்டு வரும். உங்கள் சாணால் உங்கள் உயரத்தை அளந்தாலும் ஏறத்தாழ எட்டுதான் வரும். அவள் சாணால் உங்கள் உயரத்தை அளந்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். அப்பாவும் மகளும் எட்டுச் சாண் என்றால் இருவரும் ஒரே உயரமா என்று அவளையே கேளுங்கள். யாருடைய சாண் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதால் பயனில்லை என்று அவளுக்கே தோன்றும்போது, எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு தேவை என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். புரட்சிக்கு முந்திய பிரான்சில் ஊருக்கு ஊர் அளவைகள் வேறுபட்டதால் எழுந்த தொல்லைகள்தாம் 1799இல் பாரிசில் மீட்டருக்கென ஒரு பிளாட்டினத் தண்டை வைக்கும் அளவுக்கு அங்குள்ள அறிஞர்களைக் கொண்டுசென்றன. நம் மலேசியாவிலும் மெட்ரிக் அளவைகளுக்கு 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் வழிவகுத்தது.

படியை விட்டுவிட வேண்டாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று இரட்டித்துப் போகும் அந்த வரிசையை அரிசியை ஊற்றி ஊற்றிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பித்தளைப் படி வீட்டில் இல்லாவிட்டால் பால் டின் போதும். தலைதட்டி அளப்பதையும் குவித்து அளப்பதையும் பாட்டியே செய்துகாட்டட்டும். விளிம்புக்கு மேல் நிற்கும் அந்தக் குவியலும் கணக்கில் சேருமா என்பது பேத்தி கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: எனக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நான்கரை. ஒரே அளவு சிராப் பண்டுங்கை (ரோஜாப் பாகு கலந்த பால் பானம்) ஒருவனுக்கு உயரமான கண்ணாடிக் குவளையிலும் ஒருத்திக்கு அகலமான கிண்ணத்திலும் ஊற்றினால், "அண்ணனுக்குத்தான் நிறைய" என்று சின்னவள் அழுகிறாள். அவள் கண்முன்னேயே ஊற்றிக் காட்டினாலும் ஒப்புக்கொள்வதில்லை. அவளுக்குப் புரிந்துகொள்ளும் ஆற்றல் குறைவோ என்று அவள் அம்மா அஞ்சுகிறாள். (ஒரு தாத்தா, பட்டர்வொர்த், பினாங்கு)

பதில்: ஐயா, மருமகளிடமோ மகளிடமோ முதலில் சொல்லுங்கள்: அஞ்ச வேண்டியதில்லை. நான்கரை வயதில் பெரும்பாலான பிள்ளைகள் தரும் விடை அதுதான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே (1896–1980) பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்தபோது இதே சோதனையைத்தான் செய்தார். ஒரேமாதிரியான இரண்டு குவளைகளில் சமமாக நீர் ஊற்றி, ஒன்றை மட்டும் ஒடுங்கிய உயரமான குவளைக்கு மாற்றிக் காட்டினால், சிறு பிள்ளைகள் உயரத்தை மட்டுமே பார்த்து அதில்தான் அதிகம் என்பார்கள். உயரம் கூடியபோது அகலம் குறைந்தது என்று இரண்டையும் ஒருசேர மனத்தில் நிறுத்தவும், மறுபடியும் பழைய குவளைக்கே ஊற்றினால் பழைய அளவே வரும் என்று மனத்துக்குள்ளேயே திருப்பிப் பார்க்கவும் ஏறத்தாழ ஏழு வயதாகிறது. உங்கள் பெரியவன் அந்தப் படியைக் கடந்துவிட்டான், சின்னவள் இன்னும் கடக்கவில்லை. இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி வயதின் இடைவெளி.

இங்கே ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். பிள்ளையின் விடை நாம் கேட்கும் முறையையும் பொறுத்தது. பிரிட்டனில் ஜேம்ஸ் மெக்காரிகல், மார்கரெட் டொனால்ட்சன் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஒரேமாதிரி வரிசையாக வைத்த பொருட்களைப் பெரியவர் வேண்டுமென்றே கலைக்காமல், ஒரு கரடிப் பொம்மை குறும்பாக வந்து கலைத்ததுபோல் காட்டினார்கள். அப்போது முன்னைவிட அதிகமான பிள்ளைகள் மாற்றமில்லை என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் கவனமாக எதையோ மாற்றிவிட்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டால், ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று பிள்ளை நினைப்பது நியாயம்தானே. எனவே சின்னவளை நிறுத்திவைத்து, "பார், இப்போது சொல், எதில் அதிகம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதை விட்டுவிடுங்கள். வாதாடி வெல்லக்கூடிய வயதும் இது இல்லை.

அவளே ஊற்றட்டும். குளியலறையிலோ வீட்டு வாசலிலோ ஒரு வாளித் தண்ணீரும், வெவ்வேறு வடிவத்தில் நான்கைந்து பாத்திரங்களும் இருந்தால் போதும். 500 மில்லிலிட்டர் குடிநீர்ப் போத்தல், மைலோ டின், தட்டையான உணவுப் பெட்டி, தேநீர்க் குவளை என்று கலந்து வையுங்கள். எது அதிகம் கொள்ளும் என்று முதலில் ஊகித்துச் சொல்லிவிட்டு, பிறகு ஒன்றை விளிம்புவரை நிரப்பி மற்றொன்றில் ஊற்றிப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் அருகிலேயே இருங்கள், ஏனென்றால் இரண்டாவது பாத்திரம் நிரம்பி வழிந்தால், வழிந்த பாத்திரம்தான் அதிகம் கொள்வது என்று பல பிள்ளைகள் சொல்கிறார்கள். வழிவதைப் பார்க்கும் கண்ணுக்கு 'நிறைய' என்ற எண்ணமே முதலில் வருகிறது. அப்போது, "முதல் போத்தலில் இன்னும் தண்ணீர் மிச்சம் இருக்கிறதே, அது எங்கே போய் இருக்கும்?" என்று கேளுங்கள். மிச்சத்துக்கு இடமில்லாத பாத்திரம் சிறியது என்பது அந்தக் கேள்வியிலிருந்து மெல்லத் தெளியும். அவசரம் வேண்டாம், ஐயா. ஒரே நாளில் தெளியாது.

பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பதும் இப்போது அதில் எவ்வளவு இருக்கிறது என்பதும் வெவ்வேறு. பாதி நிரம்பிய ஜக்கையும் முழுதாக நிரம்பிய சிறு குவளையையும் அருகருகே வைத்து இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்டால், நாம் எதைக் கேட்கிறோம் என்பது அவளுக்கும் தெளிவாகும். தே தாரிக் கடைக்கு அழைத்துப் போகும்போது நுரையைக் காட்டுங்கள். விளிம்புவரை நின்ற நுரை அடங்கியதும் தேநீர் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே நல்ல பாடம்.

பண்டுங்குக்கு ஒரே மாதிரியான இரண்டு குவளைகளை வாங்கிவிடுங்கள். அழுகை ஓய்ந்த நேரத்தில்தான் தண்ணீர் விளையாட்டில் மனம் போகும்.

கேள்வி: பாலர் பள்ளியில் தரும் பயிற்சித்தாளில் நீளமானதற்கு வட்டமிடுதல், கனமானதற்கு வண்ணம் தீட்டுதல் எல்லாவற்றையும் மகள் சரியாகச் செய்துவிடுகிறாள். இதுவே போதுமா? (ஒரு தாயார், பாயான் லெப்பாஸ், பினாங்கு)

பதில்: நீளத்துக்கு ஓரளவு போதும், ஏனென்றால் தாளில் உள்ள கோட்டுக்கு நீளம் உண்டு. கனத்துக்குப் போதாது. யானையும் எலியும் ஒரே அளவில் அச்சிட்ட படத்தைப் பார்த்து யானைக்கு வண்ணம் தீட்டும் பிள்ளை, முன்பே தெரிந்த செய்தியைத்தான் சொல்கிறது. எதையும் தூக்கிப் பார்த்து ஒப்பிடவில்லை. தாளை முடித்ததும், "இது எப்படித் தெரிந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டு, வீட்டில் உள்ள இரண்டு பொருட்களைக் கையில் கொடுங்கள்.

கேள்வி: பாலர் பள்ளி ஆசிரியை நான். என் வகுப்பில் பெரிய பொருள் எல்லாம் கனமானது என்றே பிள்ளைகள் சொல்கிறார்கள். வகுப்பில் தராசு கிடையாது. எடையை எப்படிக் கற்பிப்பது? மின்னணுத் தராசு ஒன்று வாங்கித்தரும்படி நிர்வாகத்திடம் கேட்கலாமா? (ஓர் ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: ஆசிரியை அவர்களே, இந்த மூன்றில் எடைதான் மிகக் கடினமானது. நீளத்தையும் நீரின் மட்டத்தையும் கண் பார்க்கிறது, எடையைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தான் பிள்ளை தனக்குத் தெரியும் ஒன்றை, அதாவது உருவத்தை, எடைக்குப் பதிலாக எடுத்துக்கொள்கிறது.

முதலில் அந்த நம்பிக்கையை அசைக்கும் பொருட்களைத் தேடி வையுங்கள். ஒரு பெரிய பை நிறையப் பொரித்த கெரோப்போக்கும் (மீன் அப்பளம்) ஒரு கிலோகிராம் சீனிப் பொட்டலமும் மிகச் சிறந்த ஜோடி. கைவைக்காமல் பார்த்து மட்டும் ஊகிக்கச் சொல்லி, யார் எதைச் சொன்னார்கள் என்பதைப் பலகையில் குறித்துவிட்டு, பிறகு ஒவ்வொருவராக வந்து இரண்டையும் தூக்கட்டும். கெரோப்போக் பையைத் தூக்கும்போது எதிர்பார்த்த கனம் இல்லாமல் கை மேலே துள்ளுவதைக் கண்டு வகுப்பே சிரிக்கும். பிறகு சிறியதும் கனமானதுமான ஒரு பொருள், பெரியதும் கனமானதுமான ஒன்று, ஒரே உருவத்தில் ஒன்று காலியாகவும் மற்றொன்று மணல் நிரப்பியும் உள்ள இரண்டு மூடிய டின்கள் என்று கலந்து கொடுங்கள். பெரியவையெல்லாம் லேசானவை என்ற புதிய தவறு முளைக்காமல் இருக்க இந்தக் கலவை அவசியம்.

ஆனால் கையை மட்டும் நம்பி நிற்கவும் முடியாது. பிரெஞ்சு மருத்துவர் ஷார்பான்தியே 1891இல் விளக்கியபடி, ஒரே எடையுள்ள இரண்டு பொருட்களில் உருவத்தில் சிறியது நம் கைக்குக் கனமானதாகத் தோன்றுகிறது. உண்மை தெரிந்த பிறகும் இந்த மயக்கம் பெரியவர்களிடமும் நீடிக்கிறது. ஆகவே எடை வித்தியாசம் நன்றாகத் தெரியும்போது கை போதும்; பிள்ளைகள் தமக்குள் உடன்படாதபோது தராசு வேண்டும். அந்தத் தேவை எழுந்த பிறகு தராசைக் காட்டுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

தராசுக்குச் செலவு இல்லை. இரு முனையிலும் பள்ளம் உள்ள பிளாஸ்டிக் ஹேங்கர் ஒன்றை ஜன்னல் கம்பியில் தடையின்றி ஆடுமாறு மாட்டி, இரண்டு பள்ளங்களிலும் ஒரேமாதிரியான சிறு வாளிகளைக் கயிற்றால் தொங்கவிடுங்கள். வாளிகள் காலியாக இருக்கும்போது ஹேங்கர் சமமாக நிற்கிறதா என்பதைப் பிள்ளைகளே சரிபார்க்கட்டும். சாய்ந்தால் மேலே நிற்கும் பக்கத்தில் சிறிது களிமண்ணை ஒட்டிச் சமப்படுத்துங்கள். மேலே போன வாளியைக் காட்டி, "இதுதான் அதிகம்" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள், ஏனென்றால் மேலே இருப்பது வென்றது என்பது அவர்களுக்குப் பழக்கம். ஒரு வாளியில் பிள்ளையே கையை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தால், கனம் கீழே இழுக்கிறது என்பது உடம்புக்கே தெரிந்துவிடும்.

ஆர்வமுள்ள பிள்ளை ஒன்று ஒரு வாளியை நடுப்பக்கமாக நகர்த்தினால் திட்டாதீர்கள். எடை மாறாமலேயே தராசு சாயும். பழைய சீன மருந்துக் கடைகளில் பயன்பட்ட டாச்சிங் என்ற தராசு இந்த முறையில்தான் இயங்குகிறது: ஒரே எடைக்கல்லைத் தண்டின் மேல் முன்னும் பின்னுமாக நகர்த்தி, அது நிலைகொள்ளும் இடத்தைப் பார்த்து எடையைச் சொல்கிறார்கள். ஐந்து வயதுக்கு இந்த விளக்கம் தேவையில்லை. இரண்டு வாளியும் நடுவிலிருந்து ஒரே தொலைவில் இருந்தால்தான் நியாயம் என்று மட்டும் சொல்லுங்கள்.

சமநிலை வந்த பிறகு எண்ணத் தொடங்கலாம். ஒரு வாளியில் எலுமிச்சம்பழம், மறு வாளியில் கோலிக்குண்டுகள்: எத்தனை குண்டுக்குச் சமநிலை வருகிறது? பழத்துக்குப் பழம் இந்த எண்ணிக்கையைப் படம் வரைந்து சுவரில் ஒட்டலாம். சப்பாத்தி மாவு உருண்டையைத் தட்டையாக்கினால் எடை மாறுமா என்ற கேள்வியை இந்த வயதில் விளையாட்டாகச் செய்து பாருங்கள், ஆனால் விடையை எதிர்பார்க்காதீர்கள். எடை மாறாது என்ற தெளிவு, நீரின் அளவு மாறாது என்ற தெளிவைவிடத் தாமதமாகவே வருகிறது.

நிர்வாகத்திடம் கேட்பதானால் மின்னணுத் தராசு வேண்டாம், முள் சுற்றும் தராசாகக் கேளுங்கள். மின்னணுத் தராசில் ஓர் எண் தோன்றி மறைகிறது, அவ்வளவுதான். முள் உள்ள தராசில் ஒவ்வொரு உருளைக்கிழங்கும் சேரச் சேர முள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நகர்வதை எண் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் பார்க்க முடியும். முகப்பு பெரிதாகவும், தட்டு அகலமாகவும், மேசையில் ஆடாமல் நிற்கக்கூடியதாகவும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.